ம் கொட்டிய குவார்ட்டர்ஸ்

மாதங்கியின் வீட்டில் மட்டும் இண்டர்நெட் வருகிறது என்ற செய்தி தங்கபுஷ்பத்துக்கு எப்படிக் கிடைத்தது என்று யாரும் கேட்கவில்லை. அந்தக் குவார்ட்டர்ஸில் எந்த வீட்டுக் குக்கர் எத்தனை விசில் விட்டது, அதில் எது பருப்புக்கு, எது கறிக்கு என்பது வரைக்கும் அவளுக்கு அத்துப்படி. இது தெரியாமல் போயிருந்தால்தான் அதிசயம்.

சாலையை அகலப்படுத்த வந்த பொக்லைன் ஒன்று சிப்பிமுனைக்கு வரும் கேபிளை ஒரே கடியில் கடித்துத் துப்பிவிட்டுப் போயிருந்தது. செல்போன் டவரும் அதே கேபிளை நம்பித்தான் நின்றது என்பது அதற்கப்புறம்தான் ஊருக்குத் தெரிந்தது. கடலாய்வு நிலையத்தின் குவார்ட்டர்ஸ் முழுக்கத் திருவிழா முடிந்த பந்தல் மாதிரி ஆகிவிட்டது. ஆண்கள் வீட்டில் இருக்கிறவர்களின் முகத்தைப் பார்த்துப் பேசவேண்டிய நிலைமை. அது எத்தனை நாளைக்குத் தாங்கும்?

மற்றவர்களுக்கு அது பொழுதுபோகாத தொல்லை. தங்கபுஷ்பத்துக்கு அப்படியில்லை. மகள் பொன்மலர் கனடாவில் நிறைமாதம். தலைப்பிரசவம். விசா வராததால் தங்கபுஷ்பம் போகமுடியவில்லை. ஆனால் தினமும் போனில் போய்விடுவாள். அம்மா பேசுவாள், மகள் ம் கொட்டுவாள். குவார்ட்டர்ஸ் கதை, கோயில் கொடைக் கதை, மூன்றாம் வீட்டு மருமகள் கதை என்று எல்லாவற்றுக்கும் அந்தப் பக்கத்திலிருந்து பொறுமையாக ஒரு ‘ம்’. இத்தனை வேலைக்கு நடுவிலும் பிள்ளை அலுத்துக்கொள்ளாமல் கேட்கிறாளே என்று தங்கபுஷ்பத்துக்குப் பெருமை.

போனே மகள் வாங்கி அனுப்பியதுதான். சிக்னல் நடுவில் விட்டுப்போனாலும் பேச்சு விடாதாம். விட்டுப்போன துண்டை அந்தந்த ஆளின் குரலிலேயே போன் தைத்துக் கொடுத்துவிடுமாம். கிழிந்த இடம் தெரியாமல் இழையோட்டுகிற தையல்காரரைப் போல. கம்பெனிக்காரனுக்கு எவ்வளவு நல்ல மனசு என்று நினைத்ததோடு தங்கபுஷ்பம் அதை விட்டுவிட்டாள்.

ஆக, ஒரு தட்டு முந்திரி மக்ரூனுடன் அவள் மாதங்கியின் கதவைத் தட்டினாள்.

மாதங்கி கும்பகோணத்துக்காரி. நிலையத்தில் ஆராய்ச்சியாளர். தனியாக இருந்தாள். காதில் எந்நேரமும் பெரிய ஹெட்போன். யாருடனும் இரண்டு வார்த்தைக்கு மேல் பேசமாட்டாள் என்பதால், பேசாத வார்த்தைகளையெல்லாம் குவார்ட்டர்ஸே அவளுக்காகப் பேசி வைத்திருந்தது.

“மேடம், ஒங்க வீட்டுல மட்டும் நெட்டு வருதாம்ல.”

“யார் சொன்னாங்க?”

“யாரும் சொல்லல. பூக்கட்டிக்கிட்டு இருந்தேன். ஒங்க ஜன்னல் தொறந்து கெடந்துச்சு. கண்ணு தானா போயிட்டு.”

மாதங்கி தட்டைப் பார்த்தாள், தங்கபுஷ்பத்தைப் பார்த்தாள். மேசைமேல் லேப்டாப்பின் பக்கவாட்டில் ஒரு டாங்கிள் செருகியிருந்தது. கட்டைவிரல் அளவுகூட இல்லை.

“இது ஆபீஸ் டாங்கிள்க்கா. கடல்ல இருக்கிற மிதவையோட பேசுறதுக்கு. மிதவைல சேட்டிலைட் லைன் இருக்கிறதால நெட்டும் வருது. ஆனா ஒரே ஒரு கம்ப்யூட்டர்லதான் போடணும்னு கண்டிப்பா சொல்லியிருக்காங்க.”

“போடுங்க, யாரு வேண்டாம்னா? அதுலயே இருக்கட்டும். அதுல இருந்து கொஞ்சம் எங்க வீட்டுப் பக்கமா வழிய விடுங்க.” அப்புறம் குரலைத் தாழ்த்தி, “எம்பொண்ணுக்கு இன்னைக்கோ நாளைக்கோன்னு இருக்கு, தாயி” என்றாள்.

அதற்குமேல் மாதங்கியால் மறுக்க முடியவில்லை. குவார்ட்டர்ஸ் வீடுகளுக்கெல்லாம் சேர்த்து நிலையம் போட்டுக்கொடுத்த நெட்வொர்க் செத்த பாம்பாகச் சுவருக்குள் கிடந்தது. அதன் வைஃபையில் லேப்டாப்பைக் கோத்து, டாங்கிள் வழியாக வரும் இணைப்பை அதற்குள் பகிர்ந்துவிட்டாள். ஒரு பாஸ்வேர்டைச் சொல்லி, “உங்களுக்கு மட்டும்க்கா” என்றாள்.

தங்கபுஷ்பம் ரகசியத்தைக் காப்பாற்றினாள். ஒவ்வொரு வீட்டிலும் கதவைச் சாத்திவிட்டுத்தான் சொன்னாள்.

அன்று பொழுது சாய்வதற்குள் எல்லா வீட்டிலும் டிவி ஓடியது. டிவி வந்தால் கூடவே ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், வாசல் கேமரா, குரலுக்கு எரிகிற பல்பு என்று நெட்வொர்க் இல்லாமல் மூச்சுவிடத் தெரியாத சாமான்களெல்லாம் விழித்துக்கொண்டன. தங்கபுஷ்பமும் மகளிடம் விட்ட இடத்திலிருந்து கதையைத் தொடர்ந்தாள்.

மறுநாள் சாயங்காலம் விளக்கு வைக்கும் நேரத்தில் அது தொடங்கியது.

முதலில் பல்புகள் தணிந்தன. அணையவில்லை; தூங்குகிற குழந்தையின் வயிறு இறங்குவதுபோல வெளிச்சம் மெதுவாக இறங்கி, மெதுவாக ஏறியது. ஒரு வீட்டில் இல்லை, எல்லா வீட்டிலும், ஒன்றுபோல. பிறகு டிவிப் பெட்டிகளின் ஸ்பீக்கர்களிலிருந்து ஒரு முனகல். காதில் விழுந்ததைவிட உள்ளங்காலில்தான் அதிகம் தெரிந்தது. தங்கபுஷ்பத்தின் அலமாரியில் எவர்சில்வர் தட்டுகள் மெல்ல ஒன்றையொன்று தொட்டுக்கொண்டன. அவள் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அப்படியே நின்றாள். பயமாக இல்லை. கோயிலில் நடை திறக்குமுன் சட்டென்று பேச்சு நிற்குமே, அந்த மாதிரி இருந்தது.

வெளியே எல்லோரும் வந்துவிட்டார்கள். நிலையத்தின் கணக்கு அதிகாரி ஞானதிரவியம் பனியனோடு நின்று, தங்கபுஷ்பத்தின் கணவர் பால்துரையைப் பிடித்துக்கொண்டிருந்தார். பால்துரைதான் குவார்ட்டர்ஸுக்கு எலக்ட்ரிக்கல் சூப்பர்வைசர்.

“என்னவே பால்துரை, வோல்டேஜு தாலாட்டுல்லா பாடுது.”

“சார், மீட்டர்ல எல்லாம் சரியாத்தான் இருக்கு.”

“மீட்டரு சரியா இருக்கும். அதைப் பாக்குத ஆளைத்தான் சந்தேகப்படுதேன்.”

அந்த நேரத்தில்தான் மாதங்கி செருப்பில்லாமல் ஓடிவந்தாள். கையில் டாங்கிள் செருகிய லேப்டாப், கழுத்தில் ஹெட்போன். அவள் ஓடி யாரும் பார்த்ததில்லை.

“என் டாங்கிள்ல எத்தனை வீடு இருக்கு?”

எல்லோரும் தங்கபுஷ்பத்தைப் பார்த்தார்கள். தங்கபுஷ்பம் வானத்தைப் பார்த்தாள்.

“திட்டுறதுக்குக் கேக்கலக்கா. மாடிக்கு வாங்க. எல்லாரும் வாங்க.”

மொட்டை மாடியிலிருந்து பார்த்தால் கடல் தெரியும். வெளிச்சம் இன்னும் மிச்சமிருந்தது. கரைக்கு அப்பால், மாதங்கி சொன்ன மிதவைக்குப் பக்கத்தில், யாரோ ஒரு பெரிய வள்ளத்தைக் கவிழ்த்துப் போட்டிருப்பதுபோல ஒரு கருப்பு முதுகு. அந்த முதுகு முடியவில்லை. இங்கே முடியும் என்று கண் நினைத்த இடத்தைத் தாண்டி இன்னும் போயிற்று. அதிலிருந்து ஒரு மூச்சு கிளம்பித் தென்னை உயரத்துக்கு எழுந்து, சாயங்கால வெயிலில் கொஞ்ச நேரம் பொன்னாக நின்று, கரைந்தது.

ஞானதிரவியம் பனியனை இழுத்துவிட்டுக்கொண்டார். பெரிய மனிதர் முன்னால் நிற்கிற மாதிரி.

“இவளைத்தான் நான் கேட்டுக்கிட்டு இருக்கேன், இந்த ஊருக்கு வந்ததுல இருந்து” என்றாள் மாதங்கி. “மத்த திமிங்கலமெல்லாம் கப்பல் சத்தத்துக்குப் பயந்து இந்த வழியை விட்டுடுச்சு. இவ மட்டும் வருஷா வருஷம் பழைய வழியிலயே வருவா. கூப்பிட்டுக்கிட்டே போவா. ஒருத்தரும் பதில் சொல்லமாட்டாங்க.”

“பொம்பளைன்னு எப்படிச் சொல்லுதீய?”

“நிச்சயமாத் தெரியாதுக்கா. நானா வெச்சுக்கிட்டது.”

“சரியாத்தான் வெச்சிருக்கீய. பதிலே வராம இத்தனை வருஷம் பேசுதான்னா வேற யாரு?”

பால்துரை இருமினார்.

மாதங்கி லேப்டாப்பை மாடிச் சுவர்மேல் வைத்தாள். “தண்ணிக்குள்ள ரேடியோ போகாது. அதனால மிதவை, கடல் அடில இருக்கிற கருவிகளோட சத்தத்துலதான் பேசும். அவ கூப்பிடறதும் சத்தம்தான். மிதவைக்கு அது இன்னொரு கருவி கூப்பிடற மாதிரித் தெரியுது. இத்தனை நாளா இந்த ஒரு கம்ப்யூட்டர் மட்டும் இருந்துச்சு. கேக்கும், பேசாது; நான் அப்படித்தான் வெச்சிருந்தேன். இப்ப டாங்கிளைப் பகிர்ந்தப்புறம் அவ குரல் எல்லா வீட்டுக்கும் போகுது. வீட்டு நெட்வொர்க்குக்கு ஒரு பழக்கம் இருக்கு. யாராவது ‘யாரெல்லாம் இருக்கீங்க’ன்னு கேட்டா, இருக்கிற சாமானெல்லாம் ‘நான் இருக்கேன், நான் இருக்கேன்’னு சொல்லும்.”

“நம்ம ம் கொட்டுத மாதிரி.”

மாதங்கி திரும்பிப் பார்த்தாள். “ஆமாக்கா. அதேதான். உங்க ஃபிரிட்ஜு, சார் வீட்டு டிவி, பல்பு எல்லாம் ம் கொட்டுது. அதை மிதவை சத்தமாக்கிக் கடலுக்குள்ள விடுது. இத்தனை வருஷம் கழிச்சு அவளுக்கு ஒரு பெரிய கூட்டமே பதில் சொல்லுது. அதான் வந்துட்டா.”

கீழே வீடுகளின் ஜன்னல்கள் ஒன்றாக மங்கி, ஒன்றாகத் துலங்கின. அவள் கூப்பிடுகிறாள். தங்கள் வீட்டு வாஷிங் மெஷின் அவளுக்குப் பதில் சொல்கிறது. ஞானதிரவியம் தன் வீட்டைப் பார்த்த பார்வையில், தன் சம்பளத்தில் வாங்கிய டிவிக்குள் இப்படி ஒரு குணம் இருந்ததா என்ற வியப்பு இருந்தது.

“நல்லதுதான மேடம்?” என்றார். “பாவம், ஒரு துணையாச்சு.”

“இல்ல சார். மிதவைக்கு இந்தப் பக்கம் முழுக்க மணல் திட்டு. பதில் சொல்றவங்களைத் தேடி இந்தப் பக்கம் வந்துட்டான்னா ஏறிடுவா. ஏறினா இறங்க முடியாது. தண்ணி தாங்குற உடம்பு அது. மணல்ல அவ கனமே அவளை நசுக்கிடும்.”

“அப்ப டாங்கிளைப் பிடுங்கிருங்க” என்றார் பால்துரை.

மாதங்கி பிடுங்கினாள். ஜன்னல்கள் அசையாமல் எரிந்தன. கடலில் அந்த முதுகு ஒரு கணம் நின்றது. பிறகு மிதவையைச் சுற்றி வேகமாக ஒரு வட்டம். இன்னொரு வட்டம், கரைக்கு இன்னும் பக்கமாக. வால் எழுந்து தண்ணீரை அறைந்த சத்தம் மாடி வரைக்கும் வந்தது. மூன்றாவது வட்டத்தில் அலை கலங்கி மண் நிறமானது.

“தேடுறா” என்றாள் மாதங்கி. டாங்கிளைத் திரும்பச் செருகினாள். ஜன்னல்கள் மூச்சுவிட்டன. முதுகு மெல்ல அடங்கியது.

வைத்திருந்தால் வருவாள். பிடுங்கினால் இன்னும் வேகமாக வருவாள். இந்த இக்கட்டில் எல்லோரும் நிற்கும்போது தங்கபுஷ்பத்தின் போன் அடித்தது. பொன்மலர். வலி வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள். மருமகன் காரை நிறுத்தப் போயிருக்கிறார். அங்கே அப்போதுதான் விடிந்துகொண்டிருந்தது.

“அம்மா, வெச்சிடாத. பேசிக்கிட்டே இரு.”

“நான் எங்கட்டி வைக்கேன். நான் என்னைக்கு வெச்சிருக்கேன்?”

அது உண்மைதான் என்று குவார்ட்டர்ஸே சாட்சி சொல்லும். தங்கபுஷ்பம் போனைக் காதில் வைத்தபடியே மாதங்கியைப் பார்த்துச் சொன்னாள். “பேசிக்கிட்டு இருக்கும்போதே பட்டுன்னு கதவைச் சாத்துனா யாருதான் போவா? வந்தவளை வழியனுப்பத் தெரியாண்டாமா? வீட்டுக்குள்ள உக்காந்துகிட்டு போயிட்டு வாங்கன்னா ஒருத்தியும் எந்திரிக்க மாட்டா. நாமளும் எந்திரிச்சு, தெருமுனை வரைக்கும் கூடவே பேசிக்கிட்டு நடக்கணும்.”

இது மாதங்கிக்குச் சொன்ன குத்தலும்கூட. மக்ரூன் தட்டை இன்னும் திருப்பித் தரவில்லை. ஆனால் மாதங்கியின் முகம் வேறு மாதிரி ஆயிற்று.

“தெருமுனை” என்றாள். “அக்கா, மிதவை ஒண்ணு இல்ல. வரிசையா இருக்கு, ஆழ்கடல் வரைக்கும். பதிலை ஒவ்வொண்ணா அடுத்த மிதவைக்கு மாத்திக்கிட்டே போகலாம். எல்லா வீடும் சேர்ந்து பேசினா இங்கேயே நிப்பா. ஒவ்வொரு வீடா அடங்கணும். கடைசில ஒரே ஒரு குரல் மட்டும் கூட நடக்கணும்.” சொல்லிவிட்டுத் தயங்கினாள். “சேட்டிலைட் முதல் மிதவைல மட்டும்தான் இருக்கு. ரெண்டாவதுக்கு மாத்தினா கனடா லைன் போயிடும்.”

தங்கபுஷ்பம் வாயில் வார்த்தை இல்லாமல் நின்றதை அன்றைக்குத்தான் அந்தக் குவார்ட்டர்ஸ் பார்த்தது. காதில் மகள் பல்லைக் கடித்து மூச்சுவிடும் சத்தம். கண்ணெதிரே அந்த முதுகு. அதுவும் மூச்சுவிட்டது.

“நான் கேக்கமாட்டேன்க்கா” என்றாள் மாதங்கி.

“கேக்காண்டாம்.” தங்கபுஷ்பம் போனை இறுக்கிப் பிடித்தாள். “ஏட்டி மலரு, இங்க வாசல்ல ஒருத்தி நிக்கா. பாவப்பட்ட ஜென்மம். அனுப்பி வெச்சிட்டு ஓடி வந்திருதேன். நடுவுல லைன் போச்சுன்னா பயப்படாத. ஒத்தையா இருக்கோம்னு நெனைக்காத, என்ன?”

“ம்” என்றது போன்.

“நீங்க ஆரம்பிங்க மேடம்.”

மாதங்கி ஒவ்வொரு வீடாகச் சொன்னாள். முதலில் ஞானதிரவியம் இறங்கிப்போய்த் தன் வீட்டு மெயினை அணைத்துவிட்டு வந்தார். அந்த ஜன்னல் இருண்டது. கடலுக்குள் ஒரு குரல் குறைந்தது. அடுத்த வீடு. அடுத்தது. கல்யாண வீட்டில் ஒவ்வொரு குடும்பமாக விடைபெறுவதுபோல. பால்துரை தன் வீட்டை அணைக்கும்போது ஃபிரிட்ஜைத் தட்டிக்கொடுத்தார் என்று பிறகு சொன்னார்கள், அவர் மறுத்தார்.

கடைசியில் நெட்வொர்க்கில் மிச்சமிருந்தது தங்கபுஷ்பத்தின் போன் ஒன்றுதான். அதை வைத்துத்தான் நடக்கவேண்டும் என்று மாதங்கி சொன்னபோது யாருக்கும் ஆச்சரியமில்லை.

இரண்டாவது மிதவை. முதுகு தயங்கித் திரும்பியது. மாதங்கி ஹெட்போன் வயரைப் பிடுங்கி, லேப்டாப்பிலேயே எல்லோருக்கும் கேட்கவிட்டாள். அடிவயிற்றிலிருந்து எழும் அந்த நீண்ட அழைப்பு. அதன் முடிவில், கொசு முனகல் போல, தங்கபுஷ்பத்தின் போன் சொல்லும் ‘இருக்கேன்’. மறுபடி அழைப்பு. மறுபடி ‘இருக்கேன்’. கடல் முழுவதையும் நிறைக்கிற ஒரு குரல் அந்தக் கொசுவுக்காக நின்று காதுகொடுத்தது.

மூன்றாவது மிதவை. நான்காவது. முதுகு சின்னதாகிக்கொண்டே போயிற்று. லைன் இன்னும் போகவில்லை என்பதைத் தங்கபுஷ்பம் கவனித்தாள். கடவுள் கருணை. மாடியில் நடந்துகொண்டே மகளுக்கு ஒவ்வொன்றாகச் சொன்னாள்: அவள் திரும்பிய விதம், ஞானதிரவியம் சாரின் பனியன், தண்ணீரில் விழுந்த கடைசி வெயில். எல்லாவற்றுக்கும் ‘ம்’ வந்தது. நடுநடுவே, “சொல்லும்மா.”

கடைசி மிதவைக்கு அப்பால் ஒரு மூச்சு எழுந்து கலைந்தது. ஓர் அழைப்பு வந்தது. அதற்கப்புறம் வந்தது தொலைவில். அதற்கும் அப்புறம் வந்தது, இருக்கிறதா இல்லையா என்று சந்தேகப்படும் அளவுக்கு. மாடியில் இருந்தவர்கள் கேட்டுக்கொண்டே நின்றார்கள். தலைக்குமேல் நட்சத்திரம் வந்திருந்தது.

“பாத்தியா மாதங்கி, லைன் போயிரும்னு பயங்காட்டுன. போவவே இல்ல” என்றாள் தங்கபுஷ்பம். ‘மேடம்’ என்கிற வார்த்தை எப்போதோ உதிர்ந்துபோயிருந்தது.

மாதங்கி லேப்டாப்பிலிருந்து கண்ணை எடுத்தாள். “அக்கா. ரெண்டாவது மிதவைலயே போயிடுச்சு.”

“இந்தா, பேசிக்கிட்டு இருக்காளே.”

“லைன் விட்டா அந்த இடத்தைப் போனே ரொப்பும்க்கா. அவங்க குரல்லயே. கொஞ்ச நேரம் வரைக்கும்.”

தங்கபுஷ்பம் போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தாள். மகளின் படம் சிரித்தது. “மலரு?”

“ம்… சொல்லும்மா.”

அலுப்பே இல்லாத குரல். எத்தனை வருஷமாகக் கேட்ட குரல். அங்கே லைன் விட்ட நாட்கள் எத்தனை, இங்கே விட்ட நாட்கள் எத்தனை. அந்த ம்களில் தன் பிள்ளை சொன்னது எது, தையல்காரன் சொன்னது எது? தங்கபுஷ்பம் கடலைப் பார்த்தாள். இருட்டில் அதுவும் எதையும் காட்டிக்கொடுக்கவில்லை.

“அவளுக்குத் தெரியுமா?” என்று கேட்டாள். “ம் கொட்டுனது பல்புன்னு?”

“தெரியாதுக்கா. யாரோ இருந்தாங்கன்னு மட்டும்தான் தெரியும்.”

“யாரோ என்ன யாரோ? நாம இருந்தோம்லா. அத்தனை பேரும் மாடில நின்னு கேட்டோம்லா. பல்பு மட்டுமா இருந்துச்சு?”

மாதங்கி அதற்குச் சொன்ன பதில் ‘ம்’ என்றுதான் கேட்டது. தங்கபுஷ்பம் போனிடம், “சரி, வெச்சிருதேன்” என்று முறையாகச் சொல்லிவிட்டு வைத்தாள். இயந்திரமானால் என்ன, இத்தனை நேரம் கூட நடந்திருக்கிறது.

காலையில் கேபிளை ஒட்டுப்போட்டார்கள். குவார்ட்டர்ஸ் திமிங்கலத்தை மறந்துவிட்டுப் பழைய சீரியலுக்குத் திரும்ப முயன்று தோற்றுக்கொண்டிருந்தபோது பொன்மலரின் போன் வந்தது. பின்னால் ஒரு புத்தம்புதுத் தொண்டை இந்த உலகத்தையே ‘யாரெல்லாம் இருக்கீங்க’ என்று கேட்டு அலறிக்கொண்டிருந்தது. பெண் குழந்தை.

பொன்மலர் பேசினாள். வலியைச் சொன்னாள். லைன் போனதும் அழுததைச் சொன்னாள். யாரோ ஒரு நர்ஸ் கையைப் பிடித்துக்கொண்டதைச் சொன்னாள். பிள்ளையின் காது யார் மாதிரி என்று சொன்னாள். தங்கபுஷ்பத்தின் நாக்கு நுனியில் ஒரு திமிங்கலமே நின்றது. அவள் அதை அங்கேயே நிறுத்தினாள். “ம்” என்றாள். இன்னொரு “ம்”. பால்துரை பேப்பரை இறக்கிவிட்டு மனைவியை உற்றுப் பார்த்தார்.

அந்தப் பக்கம் மகளின் பேச்சு சட்டென்று நின்றது.

“அம்மா? நீதானா கேக்குற? இல்ல, லைன் போயி போனு ம் கொட்டுதா?”

தங்கபுஷ்பம் போனை இன்னொரு காதுக்கு மாற்றிக்கொண்டு தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தாள்.

“நான்தாம்ட்டி. நீ சொல்லு.”